ரெஃபரி மீது இனவெறிப் புகார் வந்தால்: நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்

நானே தொடங்குகிறேன். 11 வருடமாகக் கால்பந்து நடுவராக விசில் ஊதுகிறேன். என் மேல் இப்படி ஒரு புகார் வரும் என்று நினைத்ததே இல்லை. வந்தது. அதில் பாதிக்கு மேல் என் தப்பு.

ஆட்டம் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும். எதிர்ப்பக்க பெஞ்சில் இருந்து யாரோ விடாமல் திட்டுவதாகத் துணை நடுவர் ஹெட்செட்டில் சொன்னார். தூரத்தில் இருந்தே ஆளைப் பார்த்துவிட்டேன். பக்கத்தில் போனால் மாற்று ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஜெர்சிக்கு மேல் ஒரே மாதிரி பிப் (கையில்லாத மேல்சட்டை) போட்டிருக்கிறார்கள், எண் எதுவும் தெரியவில்லை. துணை நடுவரிடம் உறுதி செய்துகொள்ள, "அந்தக் கறுப்பா இருக்காரே, அவர்தானே?" என்று கேட்டேன். பெஞ்சுக்கும் எனக்கும் மூன்றடிகூட இல்லை.

சட்டென்று எல்லோரும் அமைதியானார்கள். அப்புறம் பக்கத்தில் இருந்த இன்னொரு ஆட்டக்காரர் எழுந்து, "என்ன சொன்னீங்க ரெஃப்? அவருக்குப் பேர் இருக்கு, நம்பர் இருக்கு" என்றார். கத்தவில்லை, கேட்கத்தான் செய்தார். நான் உடனே சொன்னது, "நான் அந்த மாதிரி ஆள் இல்லை." அவர் கேட்டது நான் என்ன சொன்னேன் என்று. நான் எப்படிப்பட்ட ஆள் என்று அவர் கேட்கவே இல்லை. அவர் மறுபடி கேட்டார். நான் மஞ்சள் அட்டையை எடுத்துவிட்டேன், நடுவரின் முடிவை எதிர்த்தார் என்று.

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அந்த அட்டைக்காகத்தான். திட்டிய ஆளுக்கு அட்டை காட்டியது சரி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் சொன்னதைப் பற்றிக் கேள்வி கேட்டவருக்கு அட்டை காட்டியது வேறு விஷயம். எந்த முடிவை அவர் எதிர்த்தார்? ஒரு முடிவையும் இல்லை. ஆட்டத்தில் நடந்த சங்கதிகளில் நடுவர் சொல்வதே இறுதி என்று கால்பந்து விதி 5 சொல்கிறது. என் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு நானே நீதிபதியாக இருக்கலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிடம் நான் அப்படித்தான் நடந்துகொண்டேன்.

நம்மில் பலருக்கு ஆளை அடையாளம் சொல்ல நிறத்தைச் சொல்வது சின்ன வயதுப் பழக்கம். "சேப்பா உயரமா இருப்பாரே", "கறுப்பா ஒல்லியா இருப்பானே" என்று கேட்டே வளர்ந்தோம். கெட்ட எண்ணம் இல்லாமல்தான் சொன்னேன் என்பது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு இரண்டு நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு 2020 டிசம்பர் 8 அன்று பாரிஸில் நடந்ததைத் தேடிப் படித்தேன். சாம்பியன்ஸ் லீக், பாரிஸ் அணியான பிஎஸ்ஜிக்கும் இஸ்தான்புல் பஷாக்‌ஷெஹிருக்கும் ஆட்டம். நான்காவது நடுவர் செபாஸ்தியன் கோல்டெஸ்கு, துருக்கி அணியின் உதவிப் பயிற்சியாளர் பியேர் வெபோவை அடையாளம் காட்ட 'நெக்ரு' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அவர் தாய்மொழியான ருமேனிய மொழியில் கறுப்பு என்பதற்குச் சாதாரணமாகப் புழங்கும் சொல் அது. அதே அணியின் பெஞ்சில் இருந்த ஆட்டக்காரர் டெம்பா பா அந்த நடுவரிடம் நேராகக் கேட்டார்: ஒரு வெள்ளைக்காரரைச் சுட்டும்போது 'இந்த ஆள்' என்றுதானே சொல்வீர்கள், 'இந்த வெள்ளை ஆள்' என்று சொல்வதில்லையே, கறுப்பருக்கு மட்டும் ஏன்? இரண்டு அணியும் வெளியேறின. ஆட்டம் மறுநாள் வேறு நடுவர்களோடுதான் தொடர்ந்தது.

2021 மார்ச்சில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா கோல்டெஸ்குவை அந்த சீசன் முடியும்வரை நிறுத்திவைத்து, பயிற்சி வகுப்புக்கும் போகச் சொன்னது. இனவெறி என்று சொல்லவில்லை, தகாத நடத்தை என்றுதான் சொன்னது. படித்ததும் எனக்கு ஒன்று பிடிபட்டது. எண்ணம் இல்லை என்பதால் தண்டனையின் பெயர் மாறலாம், செய்தது செய்ததுதான்.

படித்த அன்றிரவே அறிக்கை எழுதினேன். நான் சொன்ன சொற்களை மாற்றாமல் மேற்கோள் போட்டு எழுதினேன். கை நடுங்கியது, 'உருவத்தைக் குறிப்பிட்டேன்' என்று மழுப்பலாக எழுதலாமா என்று தோன்றியது, எழுதவில்லை. சில வாரம் ஆட்டம் கொடுக்கவில்லை, ஒரு வகுப்புக்குப் போனேன். இப்போதெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே பெஞ்சில் யார் எந்த இடத்தில் என்று எண்ணோடு குறித்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

* * *

நானும் நடுவர்தான். என் கதை நேர் எதிர். நான் சொல்லாததைச் சொன்னதாகப் புகார்.

பெனால்டி கொடுத்த நேரம், ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று கத்துகிறார்கள், நான் "தள்ளி நில்லுங்கள்" என்று சொன்னதை ஒருவர் வேறு விதமாகக் கேட்டுவிட்டார். அந்த மொழி அவருக்கு அரைகுறைதான். அவர் பொய் சொன்னார் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

இங்கிலாந்து நடுவர் மார்க் கிளாட்டன்பர்க் விஷயம் நினைவிருக்கும். 2012 அக்டோபர் 28, செல்சீ சொந்த மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெடிடம் 2-3 என்று தோற்ற ஆட்டம், செல்சீக்கு இரண்டு சிவப்பு அட்டை வேறு. செல்சீ ஆட்டக்காரர் ஜான் ஒபி மிகேலைப் பார்த்து நடுவர் இனரீதியாகப் பேசியதாக அதே அணியின் ரமிரெஸ் சொன்னார். மிகேல் காதில் விழவில்லை. ஹெட்செட் இணைப்பில் இருந்த மற்ற நடுவர்கள் யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அந்தப் பேச்சு பதிவும் ஆகவில்லை. போலீஸ் விசாரணையைக் கைவிட்டது, நவம்பர் 22-ல் இங்கிலாந்து கால்பந்துச் சங்கமும் நடவடிக்கைக்கு இடமில்லை என்று முடித்தது, ரமிரெஸ் நல்லெண்ணத்தோடுதான் புகார் சொன்னார் என்றும் சேர்த்தே சொன்னது. ஆனால் ஏறக்குறைய 4 வாரம் அந்த மனிதர் ஆட்டம் நடத்தவில்லை. அந்த 4 வாரம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு 16 நாள். பையன் பள்ளியில் இருந்து வந்து "அப்பா, நீங்க அப்படிச் சொன்னீங்களா?" என்று கேட்டான்.

எனக்குக் கைகொடுத்தது ஒன்றுதான். ஆட்டம் முடிந்து டிரெஸ்ஸிங் ரூமில் துணை நடுவர்கள் "என்ன நடந்துச்சு, எப்படி எழுதலாம்" என்று பேச ஆரம்பித்தார்கள். மூத்தவர் ஒருவர் அங்கேயே நிறுத்தினார். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தனித்தனியாக எழுதச் சொன்னார், பேசிவிட்டு எழுதினால் மூன்று அறிக்கையும் ஒரே வாசகத்தில் வரும், அதைப் பார்த்தாலே யாரும் நம்பமாட்டார்கள் என்றார். அப்படியே ஆனது. எங்கள் மூன்று அறிக்கையும் சின்னச் சின்ன விஷயத்தில் வேறுபட்டன, முக்கியமான இடத்தில் ஒத்துப்போயின, அதுதான் என்னைக் காப்பாற்றியது. புகார் சொன்னவரைத் தேடிப் போய் விளக்கம் சொல்ல மனம் துடித்தது, போகவில்லை. போயிருந்தால் மிரட்டப் போனார் என்று ஆகியிருக்கும். ஃபேஸ்புக்கிலும் ஒரு வரி எழுதவில்லை.

* * *

நான் கோச். புகார் கொடுத்த பக்கம். நடுவர்கள் மட்டுமே பேசினால் சரியாக இருக்காது என்று எழுதுகிறேன்.

ஒரே நடுவர், ஒரே சீசனில் எங்களுக்கு மூன்று ஆட்டம். மூன்றிலும் என் பையன்கள் "எங்களை மட்டும்தான் பார்க்கிறார்" என்றார்கள். கோபத்தில் சொல்கிறார்கள் என்று முதலில் தள்ளிவிட்டேன். பிறகு வீடியோவை உட்கார்ந்து பார்த்தேன், ஃபவுல்களை எண்ணினேன். எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை! அட, நாம்தான் தப்பா என்று மூட இருந்தவன், சத்தத்தோடு மறுபடி பார்த்தேன். எதிரணிப் பையனுக்கு ஃபவுல் கொடுத்தால் தோளில் கை வைத்து, பேர் சொல்லிப் பேசுகிறார். எங்கள் பையனுக்கு விசில், விரலால் ஒரு சைகை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மூன்று ஆட்டத்திலும் அதே. இதை எந்த ஸ்கோர்ஷீட்டில் எழுதுவது?

நிமிடக் கணக்கோடு எழுதிக் கொடுத்தேன். 'இனவெறியர்' என்ற சொல்லைப் போடவில்லை, நடந்ததை மட்டும் எழுதினேன். அவரோடு பேசினார்கள், அவருக்கே அது தெரியவில்லை என்றார்களாம், நான் நம்புகிறேன். கூடைப்பந்தில் அமெரிக்காவின் என்பிஏ லீக் நடுவர்களை வைத்து 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. நடுவர் குழுவின் இனமும் ஆட்டக்காரரின் இனமும் வேறாக இருந்தால் ஃபவுல் கொஞ்சம் கூடுதலாக விழுகிறது என்றது. அந்தச் செய்தி வெளியே வந்து எல்லோரும் பேசிய பிறகு எடுத்த கணக்கில் அந்த வித்தியாசம் மறைந்துபோனது. அதனால் சொல்லுங்கள் என்கிறேன். சொன்னால்தான் அவருக்கே தெரியும்.

* * *

விசாரணைக் குழுவில் உட்காருகிறேன், சுருக்கமாக ஒன்று. 'நிரூபிக்கப்படவில்லை' என்று நாங்கள் எழுதினால் புகார் பொய் என்று அர்த்தம் இல்லை. ஊரெல்லாம் அப்படித்தான் படிக்கிறது. யார் எங்கே நின்றார், எந்தப் பக்கம் பார்த்தார், அப்போது கூட்டம் எவ்வளவு சத்தம், அந்த மொழி அவருக்கு எவ்வளவு தெரியும், எல்லாம் கேட்டும் சில சமயம் முடிவுக்கு வர முடியாது. அதற்காகப் புகார் சொன்னவரைத் தண்டித்தால் அடுத்த ஆள் வாயே திறக்கமாட்டார். மிகேலுக்கு 3 ஆட்டத் தடையும் 60,000 பவுண்டு அபராதமும் விழுந்தது புகாருக்காக இல்லை, நடுவர் அறைக்குள் போய் ஆவேசமாக நடந்துகொண்டதற்காக. இரண்டையும் குழப்பாதீர்கள்.

முதல் பதிவு போட்டவருக்கு: கேள்வி கேட்டவருக்குக் காட்டிய மஞ்சள் அட்டை என்ன ஆனது? அறிக்கையில் அதைப் பற்றி எழுதினீர்களா?

* * *

எழுதவில்லை. என் சொற்களை மட்டும் எழுதினேன். அட்டைக்கு 'எதிர்ப்பு' என்று காரணம் போட்டு விட்டுவிட்டேன். அது இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது. ஆட்டம் மறுபடி தொடங்கியாயிற்று, இனி என்னால் மாற்ற முடியாது என்று இருந்துவிட்டேன்.

* * *

மைதானத்தில் மாற்ற முடியாது, சரி. குழுவுக்கு எழுதலாமே. அட்டை தப்பு என்று காட்டிய நடுவரே எழுதிக் கொடுத்தால் பார்க்காமல் இருக்கமாட்டார்கள். நீக்குவார்கள் என்று நான் உறுதி சொல்லமாட்டேன், லீகுக்கு லீக் விதி மாறும். ஆனால் நீங்கள் எழுதியது அவருடைய கோப்பில் இருக்கும்.

* * *

இன்றிரவே எழுதுகிறேன். அவருக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லிக் கேட்கிறேன்.