அட்டாக்கை முழுசா திருப்பினா டிகேவுக்கே போக மாட்டேங்குது – ஏடிஎஸ்ஆர் உதவி

சால்டர்புகை:
யூரோராக்குக்கு (மாட்யுலர் சிந்தசைசர்) 7555 டைமர் ஐசி வச்ச ஏடிஎஸ்ஆர் ஒன்னு கட்டியிருக்கேன். கீயை அமுக்கினதும் வோல்ட்டேஜ் ஏறணும் (அட்டாக்), கொஞ்சம் இறங்கணும் (டிகே), ஒரு மட்டத்துல நிக்கணும் (சஸ்டெயின்), கீயை விட்டதும் விழணும் (ரிலீஸ்). சப்ளை ±12 வோல்ட், டைமிங் கெபாசிட்டர் 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக், அட்டாக் பாட் (திருப்புற தடை) 1 மெகா ஓம். அட்டாக் பாதி வரை ஒழுங்கா வேலை செய்யுது. கடைசி வரை திருப்பினா, கீயை எவ்வளவு நேரம் அமுக்கினாலும் மேலேயே தொங்குது, சஸ்டெயினுக்கு இறங்கவே இல்ல. கீயை விட்டா ரிலீஸ் சரியா வருது. கெபாசிட்டர்ல மீட்டர் வச்சா 5.7 வோல்ட்டுல நிக்குது. ஐசி போயிடுச்சா?

ஓம்விதி:
7555தானா, சாதா என்இ555 போட்டுட்டீங்களா? அதோட 6ஆம் பின் தானே கொஞ்சம் கரண்ட் இழுக்கும்.

சால்டர்புகை:
ஐசிஎம்7555தான். எழுத்து தெளிவா இருக்கு.

பழையமோனோ:
ஐசியை விடுங்க. மீட்டர் அந்தச் சின்ன மஞ்சள் டிடி830 வகையா? அதோட உள்தடை 1 மெகா. பாட்டும் 1 மெகா. டயோடு தாண்டி வர்ற 11.5 வோல்ட் ரெண்டுக்கும் சரிபாதியாப் பிரியுது. அந்த 5.7 உங்க மீட்டரே உண்டாக்கினது. கெபாசிட்டர்ல கரண்ட் இழுக்காம அதே வோல்ட்டேஜை வெளிய தர்ற டிஎல்072 பஃபரைத் தாண்டி, அவுட்புட் ஜாக்குல அளந்து சொல்லுங்க.

சால்டர்புகை:
அதே மஞ்சள்தான் 😅 ஜாக்குல ஒரு நிமிஷம் ஆகியும் 7.2ஐத் தாண்டல.

பழையமோனோ:
அப்போ கெபாசிட்டர் லீக். 6ஆம் பின்ல சப்ளையோட மூணுல ரெண்டு பங்கு, அதாவது 8 வோல்ட், வந்தாதான் 7555 அட்டாக்கை முடிக்கும். பாட்ல மிச்சம் விழுறது 4.3 வோல்ட், 1 மெகாவுல அது 4.3 மைக்ரோஆம்ப். அத்தனையும் கெபாசிட்டர் வழியா ஒழுகுது. 8 வோல்ட்டுல பாட் குடுக்கக்கூடியதே 3.5தான், எப்படி எட்டும்? புது எலக்ட்ரோலிட்டிக்குக்கே டேட்டாஷீட்ல 3 மைக்ரோஆம்ப் லீக் வரை அனுமதி உண்டு. ரொம்ப நாள் டப்பாவுல கிடந்ததுன்னா இன்னும் மோசம். முதல்ல கெபாசிட்டரைத் திருப்பிப் போட்டிருக்கீங்களான்னு பாருங்க. நானா இருந்தா 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் போட்டுடுவேன். அட்டாக் நேரம் குறையும்தான், ஆனா பத்து செகண்ட் அட்டாக் யாருக்கு வேணும்?

சால்டர்புகை:
எனக்கு வேணும் அண்ணே, ட்ரோன் (ஒரே சுரம் நீளமா மெல்ல நகர்ற இசை) வாசிக்கிறவன்! போலாரிட்டி சரியாத்தான் இருக்கு.

ஓம்விதி:
அப்போ 10 மைக்ரோ, 25 வோல்ட் டேண்டலம் கெபாசிட்டர் போடுங்க. அதுல கோடு போட்ட கால் ப்ளஸ். எலக்ட்ரோலிட்டிக்குல கோடு மைனஸ். பழக்கதோஷத்துல மாத்திப் போட்டா புகைதான்.

சால்டர்புகை:
மாத்தியாச்சு. முழு அட்டாக்குல சுமார் 12 செகண்ட் ஏறி, டிகேவுக்கு இறங்குது. ரெண்டு பேருக்கும் நன்றி. அடுத்த வேலை நல்ல மீட்டர் வாங்குறது. 10 மெகா உள்தடையில விலை குறைச்சலா ஏதாவது இருந்தா சொல்லுங்க.