மறு: பாலத் தளத்தின் ‘வாட்டர்ப்ரூஃபிங்’: ‘இடைப்படலம்’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். பாலத் தளத்துக்குள் நீர் இறங்காமல் தடுக்கும் அடுக்குக்கு (‘வாட்டர்ப்ரூஃபிங்’) ‘இடைப்படலம்’ என்று பெயர் வைக்கலாமா என்ற நம் பேச்சில் வந்த கேள்வி இது:

> ‘நீர்ப்புகாப் பூச்சு’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. மொட்டைமாடிக்கு அதைத்தானே சொல்கிறோம்? பாலத்துக்கு மட்டும் தனிச் சொல் எதற்கு?

கேள்வி நியாயமானது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. மாடியில் அடித்த பூச்சு வெயிலில் கிடக்கிறது. பெயர்ந்தால் கண்ணில் படும். பாலத்திலோ அது கான்கிரீட் தளத்துக்கு மேலும் தார் அடுக்குக்குக் கீழுமாக, இரண்டோடும் ஒட்டி மறைந்திருக்கிறது. சுமார் 150 டிகிரி சூட்டில் விரிக்கப்படும் தார்க் கலவையைத் தாங்கவேண்டும். லாரி பிரேக் போடும்போது தார் நழுவாமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். தவிர, எல்லாமே பூச்சு அல்ல. தெளித்து ஒரு மணி நேரத்துக்குள் இறுகும் மெத்தில் மெத்தாக்ரிலேட் பிசினும் உண்டு, சூடுகாட்டி ஒட்டும் தார்த் தாளும் உண்டு. தாளை எப்படிப் பூச்சு என்பது?

எனக்குப் பெரிய கவலை வேறு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய தாரைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போடுகிறார்கள். இயந்திரத்தின் பற்கள் சற்று ஆழமாக இறங்கினால் அடியில் இருப்பதும் கிழிந்துபோகும். மேலே புதுத் தார் விரித்தபின் அந்தக் கிழிசல் யாருக்கும் தெரியாது. ஆகவே இருக்கும் இடத்தைப் பெயரே சொல்லிவிடட்டும்: இடைப்படலம். வரைபடத்தில் இச்சொல்லைப் படிக்கும் மேஸ்திரி, இடையில் ஏதோ இருக்கிறது என்று கையை நிதானிப்பார்.

‘ஓதக்காப்பு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஓதம் என்றால் ஈரம், கடலலையும்கூட, அழகான சொல். ஆனால் சுவரில் ஓதம் கீழிருந்து ஏறுவது. பாலத்தில் நீர் மேலிருந்து இறங்குகிறது, அதுவும் கடலோரத்தில் உப்போடு. உப்பிலுள்ள குளோரைடு கம்பியைத் தொட்டால் துரு பருத்து, கான்கிரீட்டைப் பிளந்துவிடும். அச்சொல்லைச் சுவருக்கே விட்டுவைப்போம்.

அடுத்தது, போக்குவரத்தை அதிகம் தடுக்காமல் பாலத்தைப் பராமரிப்பதற்குச் சொல்லப்பட்ட ‘குறைந்த இடையூறுப் பராமரிப்பு’. இதைத் தமிழாக என் காது ஏற்கவில்லை. பாம்பன் சாலைப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1988இல் திறக்கப்பட்டது, நீளம் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர், ராமேசுவரத்துக்கு வேறு சாலை கிடையாது. அப்படிப்பட்ட பாலத்தை மூடிவைத்து வேலை செய்ய முடியாது. ஒரு பாதியில் வேலை நடக்க, மறுபாதியில் வண்டிகள் மாறி மாறிப் போகவேண்டும். நோக்கத்துக்கு வழிமறிக்காப் பராமரிப்பு என்றும், முறைக்கு அரைத்தடப் பணி என்றும் வைக்கலாம். (‘பாதித்தடம்’ என்று எழுதிப் பார்த்தேன், ‘பாதித்த’ என்றே வாசிக்கத் தோன்றுகிறது.)

அரைத்தடப் பணியில் பலவீனமான இடம் இரு பாதிகளும் சேரும் கோடு. முதல் பாதியின் படலத்தைத் தாருக்கு வெளியே சிறிது நீட்டிவைத்து, மறுபாதியின் படலம் அதன்மேல் ஏறி ஒட்டும்படி செய்யவேண்டும். இடையில் அந்த ஓரத்தை வண்டிச் சக்கரமும் மண்ணும் கெடுத்துவிடாமல் காப்பது தனி வேலை. அங்கே ஒட்டு விட்டுப்போனால் நீர் நேராகத் தளத்துக்குள் இறங்கும். இந்த ஓரத்துக்கு இப்போதைக்கு ஏறுவிளிம்பு என்று எழுதிவருகிறேன்.

கீற்று வேய்கிறவர்களும் ஓடு அடுக்குகிறவர்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பகுதியை ஏதாவது ஒரு பெயரிட்டுத்தான் அழைப்பார்கள். உங்கள் ஊரில் யாரையாவது கேட்டு எழுதுங்கள். அச்சொல் கிடைத்தால் என்னுடையதை மகிழ்ச்சியோடு விட்டுவிடுகிறேன்.