ராப்5 புரதம் லைப்போசோமில் ஒட்ட மறுக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். எண்டோசோம் (செல் உள்ளிழுத்ததைச் சுமக்கும் சவ்வுப் பை) சோதனைக்காக, அந்தப் பைகளின் இணைவை நடத்தும் மனித ராப்5ஏ புரதத்தை ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்து, ஹிஸ் டேக் (நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின் தொடர்) வைத்து நிக்கல் பத்தியில் சுத்தம் செய்திருக்கிறேன். ஜெல்லில் 25 கிலோடால்டன் அருகே ஒரே பட்டை.

முதல் தொகுதியை நானே கெடுத்துக்கொண்டேன். பழக்க தோஷத்தில் டயாலிசிஸ் பஃபரில் ஈடிடிஏ சேர்த்துவிட்டேன். அது புரதத்தில் இருந்த மெக்னீசியத்தைப் பிடுங்க, கூடவே அதில் பொதிந்திருந்த நியூக்ளியோடைடும் கழன்றுபோய், மறுநாள் காலை குழாயின் அடியில் புரதம் வெள்ளையாகத் திரிந்து கிடந்தது. இப்போது 5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு போடுகிறேன், அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் வந்ததுதான் பெரிய சிக்கல். லைப்போசோமோடு (செயற்கைக் கொழுப்புச் சவ்வுக் குமிழி) கலந்து சுழற்றினால் புரதம் முழுக்க மேல்திரவத்திலேயே நின்றுவிடுகிறது. பாக்டீரியாவில், புரதத்தின் கார்பாக்சில் முனையில் வர வேண்டிய ஜெரனைல்ஜெரனைல் என்ற கொழுப்பு வால் சேராது, அது இல்லாமல் சவ்வில் ஊன்ற முடியாது என்பது தெரியும். சரி, நிக்கல் பிடித்த கொழுப்பை லைப்போசோமில் கலந்து ஹிஸ் டேக் வழியாக மாட்டிவிடலாம் என்று பார்த்தால், என் டேக் அமினோ முனையில் இருக்கிறது. புரதம் தலைகீழாக நின்றால், ராப்5-இன் கூட்டாளிப் புரதமான இஇஏ1 வந்து பிடிக்குமா?

டேகை வால் முனைக்கு மாற்றி மறுபடி குளோன் செய்வதா, இல்லை பூச்சி செல்லில் வாலோடு எடுப்பதா? செய்து பார்த்தவர்கள், நிக்கல் கொழுப்பு எத்தனை சதவீதம் வைத்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.