பொருள்: தீயணைப்புப் பாடம் – ‘ஓவர்சைட்’டுக்கு ஒரு சொல் வேண்டும்

காரைக்குடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பொது நிர்வாகம் படிக்கும் தமிழ்வழி மாணவர்களுக்கான பாடம் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இங்கிலாந்தின் தீயணைப்பு, மீட்புப் பணிச் சீர்திருத்தமும் அதில் உள்ளாட்சிக்கு உள்ள பொறுப்பும்தான் பொருள். ‘ஓவர்சைட்’ (oversight) என்ற ஒரு சொல்லில் வேலை நிற்கிறது.

அங்கே 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தீயணைப்பு ஆணையம் உண்டு. பெரும்பாலும் உள்ளாட்சி உறுப்பினர்களே அதில் இருப்பார்கள். வரவு செலவுக்கும் இடர்த் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, தலைமை அலுவலரை அமர்த்துவது, சொன்னது நடந்ததா என்று கேட்பது ஆகியவை ஆணையத்தின் வேலை. தீப்பிடித்த இடத்தில் எந்தக் குழாயை எங்கே பிடிப்பது என்பதில் அது தலையிடாது. காவல்துறையை ஆய்ந்துவந்த ஆய்வு அமைப்பு தனி. 2018 முதல் தீயணைப்பையும் ஆய்ந்து தரம் எழுதுகிறது, கட்டளை இடுவதில்லை. ஆக, களத்தில் கமாண்ட், வெளியிலிருந்து இன்ஸ்பெக்‌ஷன், ஆணையத்திடம் ஓவர்சைட். கைக்கு வந்த வரைவில் மூன்றுக்கும் ‘மேற்பார்வை’ என்றே இருக்கிறது.

தேவகோட்டையிலிருந்து:

மேற்பார்வை வேண்டாம். நம் ஊரில் ஓவர்சியரைத்தான் பணி மேற்பார்வையாளர் என்கிறோம். கலவை போடும் இடத்தில் நின்று வேலை வாங்குகிறவர். மாமன்ற உறுப்பினர் தீயணைப்பு வீரரிடம் வேலை வாங்குவதாக மாணவர் நினைத்துவிடுவார்.

கண்காணிப்பு என்றே போடுங்கள். சோழர் கல்வெட்டுகளில் ‘ஸ்ரீமாகேசுவரக் கண்காணி செய்வார்’ வருகிறார்கள். கோயிலுக்கு விட்ட நிவந்தம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை; பூசை செய்வது வேறு ஆள். நமக்கு வேண்டிய பொருள் இதுதான். ஏரியைப் பார்த்துக்கொண்ட உத்திரமேரூர்க் குழுவான ஏரிவாரியத்தை நினைத்து ‘வாரியம்’ என்றும் சொல்லத் தோன்றும். ஆனால் இன்று வாரியம் என்றால் மின்வாரியம்.

பள்ளத்தூரிலிருந்து:

தம்பி, கண்காணி கடல் கடந்து இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டத்துக் கங்காணி ஆனதை நம் பக்கத்தார் மறக்கலாமா? இன்றைக்கும் கண்காணிப்பு என்றால் ஒன்று கேமரா, இல்லையென்றால் காவல் கண்காணிப்பாளர். இரண்டிலும் கீழே இருப்பவனைச் சந்தேகிக்கும் வாடை இருக்கிறது.

“நாடோறும் நாடுக மன்னன் வினைசெய்வான் கோடாமை கோடா துலகு” (520). வினைசெய்வான் வேறு, நாடுகிறவன் வேறு. வேலையைப் பிடுங்கிச் செய்யாமல், அவன் கோடாமல், அதாவது நெறி தவறாமல், இருக்கிறானா என்று நாள்தோறும் ஆராய்கிறான். நாடு என்ற வினையிலிருந்து நாட்டம். “நாட்டம் இரண்டும்” என்று தொல்காப்பியம் கண்ணையே சொல்கிறது. பார்த்தலும் ஆராய்தலும் ஒரே சொல்லில் வேறெங்கே கிடைக்கும்? ‘அவைநாட்டம்’ என்பது என் பரிந்துரை.

கானாடுகாத்தானிலிருந்து:

ஆச்சி சொன்ன குறளில் மறுப்பே இல்லை. ஆனால் ‘இசையில் நாட்டம்’ என்று எழுதிப் பழகிய மாணவர், அவைநாட்டம் என்றால் அவைக்கு வரும் ஆசை என்றுதான் படிப்பார்.

சொல்லை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். அரசமைப்பின் 12ஆம் அட்டவணையில் 7ஆவது இனம் தீயணைப்புப் பணி. 1992ஆம் ஆண்டின் 74ஆவது திருத்தத்தில் சேர்ந்தது. ஆனாலும் தமிழ்நாட்டில் அது 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலத் துறை. நிலைய அலுவலர் மாநகராட்சிக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். தண்ணீரும் பாதையும்தான் உள்ளாட்சி கையில் இருக்கின்றன. 4,500 லிட்டர் கொள்ளும் வண்டி நிமிடத்துக்கு 900 லிட்டர் அடித்தால் 5 நிமிடத்தில் காலி. அடுத்த தண்ணீர் ஊருணியில். பம்பு நடைமுறையில் 7 மீட்டர் ஆழத்துக்கு மேல் உறிஞ்சாது. சித்திரையில் நீர் இறங்கியபின் வண்டி கரையோரம் போக வழியில்லை என்றால் உறிஞ்சு குழாய் எட்டாது. எட்டினாலும் முனையிலுள்ள வடிகட்டி சேற்றில் புதைந்து அடைத்துக்கொள்ளும். முனை நீருக்கு வெளியே தெரிந்தால் காற்றை இழுத்துப் பம்பு பிடிக்காது.

இங்கே பூட்டிக் கிடக்கும் வீடுகள் வேறு. முகப்பு ஒரு தெரு, பின்கட்டு அடுத்த தெரு. உள்ளே தேக்குத் தூண். வளவின் நடுவே திறந்த வானம், அனல் அதன் வழியே மேலேறிச் சுற்றுக்கட்டுக் கூரையைப் பிடிக்கும். சாவி யாரிடம், தூர் வாரியது எப்போது, கரைவரை வண்டிப்பாதை உண்டா என்று மன்றக் கூட்டத்தில் கேட்டுப் பதில் வாங்குவதுதான் ஓவர்சைட். அதனால் ‘மன்றக் கண்காணிப்பு’ என்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து:

‘மன்றம்’ உதைக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் தேர்தலில் வென்ற காவல் ஆணையரே தீயணைப்புப் பொறுப்பையும் ஏற்கலாம். எசெக்ஸ் அப்படித்தான் முதலில் மாறியது. அங்கே இருப்பவர் ஒரே ஆள், மன்றம் இல்லை. லண்டனிலும் 2018இல் பழைய ஆணையம் போய், பொறுப்பு மேயரிடம் வந்தது.

செட்டிநாட்டு முதலாளி ரங்கூன் கடையில் உட்கார்ந்து கடன் கொடுக்கவில்லை. ஏஜெண்டு அனுப்பும் ஐந்தொகை என்ற இருப்புக் கணக்கைப் பார்த்துக் கேள்வி கேட்டார். அந்த உறவைச் சொல்ல ‘பொறுப்புக் கேட்பு’ என்றால் என்ன?

காரைக்குடியிலிருந்து:

பொறுப்புக் கேட்பு, அக்கவுண்டபிலிட்டிக்கு வைத்த ‘பொறுப்புடைமை’யோடு குழம்பும் ஐயா. லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீயைப் பற்றிய பாடப் பகுதியில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் வருகின்றன. 2017இல் 72 பேர் இறந்த அந்தத் தீயைப் பற்றிய விசாரணையின் முதல் அறிக்கை 2019 அக்டோபரில் வந்தது. அதன் பரிந்துரைகளை நிறைவேற்றிக் காட்டுவது தீயணைப்புப் படையின் பொறுப்புடைமை. எந்த அளவில் இருக்கின்றன என்று மேலே இருப்பவர் விடாமல் கேட்பது ஓவர்சைட்.

அச்சகம் காத்திருக்கிறது. ‘ஆளுகைக் கண்காணிப்பு’ என்று வைக்கலாமா? ஆணையமோ ஒற்றை ஆணையரோ இரண்டுக்கும் பொருந்தும். கமாண்ட் களத்தலைமை, இன்ஸ்பெக்‌ஷன் ஆய்வு, சூப்பர்விஷன் மேற்பார்வை.

கானாடுகாத்தானிலிருந்து:

சரி. நீளம்தான்.

தேவகோட்டையிலிருந்து:

முழு மனதில்லை. அச்சுக்குப் போகட்டும்.

பள்ளத்தூரிலிருந்து:

நான் ஒப்பவில்லை. உங்கள் பாடத்திலேயே மானிட்டரிங்குக்கும் கண்காணிப்பு என்று இருக்கிறதே, ஒரே பக்கத்தில் இரண்டு கண்காணிப்பா?

காரைக்குடியிலிருந்து:

மானிட்டரிங்கைத் ‘தொடர்கவனிப்பு’ என்று மாற்றிவிட்டேன் ஆச்சி. அவைநாட்டம், குறளோடு அடிக்குறிப்பில் இருக்கும்.

பள்ளத்தூரிலிருந்து:

அடிக்குறிப்பு போதாது. அடுத்த பதிப்பின்போது மறுபடி எழுதுவேன்.