'கொண்டோர்' என்று எழுதிய பழைய பை: அது யாருடைய விமானம்?

நிலாவெளிப் பிள்ளை எழுதியது:

வணக்கம். ஊர்ப் பழசு தெரிந்தவர்களும் விமானங்களைப் பற்றித் தெரிந்தவர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு ரெக்சின் தோள்பை இருக்கிறது. அப்பா 1978 இலிருந்து 83 வரை திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் ஒரு ஹொட்டேலில் அறைகளைக் கவனிக்கிற வேலை செய்தவர். அங்கே வந்து தங்கிய ஒரு ஜெர்மன் குடும்பம் போகும்போது கொடுத்த பை அது. ஒரு பக்கத்தில் இறக்கை விரித்த பறவை, கீழே 'கொண்டோர்' என்று ஆங்கில எழுத்தில். சிப் போய்விட்டது. வாரை அம்மா இரண்டு தடவை வலை நூலால் தைத்திருக்கிறார். 90 இல் ஊரை விட்டு ஓடியபோது காணி உறுதி, எங்கள் நாலு பேருடைய பிறப்புச் சாட்சிப் பத்திரம், அம்மம்மாவின் ஒரேயொரு படம் எல்லாம் இந்தப் பைக்குள்தான் வந்தன. முகாமில் அம்மா இதைத் தலைக்கு வைத்துக்கொண்டுதான் படுப்பார்.

அப்பா போன வருடம் தவறிவிட்டார். இப்போது மகன் பையைப் பார்த்துவிட்டு "இது என்ன கொம்பனி" என்று கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பா "அது லுஃப்தான்சாவின் பிள்ளை" என்று சொல்வார், அவ்வளவுதான் ஞாபகம். ஜெர்மனியின் பெரிய விமானக் கொம்பனி லுஃப்தான்சாவுக்கே அவ்வளவு விமானம் இருக்கும்போது எதற்கு இன்னொரு பெயரில் இன்னொன்று? அடுத்தது, சித்தப்பா ஒருவர் அந்த வெள்ளைக்காரர்கள் திருகோணமலைச் சீனக்குடா ஓடுபாதையிலேயே நேரே வந்து இறங்கினார்கள் என்று அடித்துச் சொல்கிறார். அது உண்மையா? தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

சோளகம் எழுதியது:

தம்பி, முதலில் அப்பாவுக்கு என் அஞ்சலி. நான் உப்புவெளி ஆள், பிராங்போர்ட்டில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் வேலை, அதனால் கொண்டோரைப் பார்க்காத நாள் இல்லை.

அப்பா சொன்னது சரி, ஆனால் முழுக் கதை கொஞ்சம் நீளம். 1955 டிசம்பரில் 'டொய்ச்ச ஃபுளுக்டீன்ஸ்ட்' என்ற பெயரில்தான் அது தொடங்கியது. அப்போது அது லுஃப்தான்சாவின் தனிச் சொத்து இல்லை. இரண்டு பெரிய கப்பல் கொம்பனிகள் ஆளுக்கு 27.75 வீதம், லுஃப்தான்சா 26 வீதம், மிச்சம் ஜெர்மன் ரயில்வே. கப்பல்காரரும் ரயில்காரரும் சேர்ந்து விமானக் கொம்பனி தொடங்கினார்கள் என்றால், ஆட்களை ஏற்றி இறக்குகிற தொழில் எந்தப் பக்கம் போகப்போகிறது என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. கையில் இருந்தது மூன்றே மூன்று விக்கர்ஸ் வைக்கிங் விமானம், ஒன்றில் 36 பேர். 1956 மார்ச்சில் முதல் பயணம். அது கடற்கரைக்கு இல்லை, புனித பூமிக்குப் போன யாத்திரிகர்களுக்கு.

அப்புறம் மற்றப் பங்குகளை லுஃப்தான்சா வாங்கிக்கொண்டது. 1961 இல் 'கொண்டோர்' என்ற பெயரோடு இருந்த வேறொரு சின்ன கொம்பனியையும் எடுத்துச் சேர்த்து, அந்தப் பெயரையே முழுவதற்கும் வைத்துவிட்டார்கள். அந்தச் சின்னது ஓட்கர் குடும்பத்தினுடையது, கேக் மா விற்கிற அதே ஓட்கர்தான்.

எதற்கு இன்னொரு பெயர் என்று கேட்டீர்களே, அதுதான் இதில் முக்கியமான இடம். அந்தக் காலத்தில் நாள் நேரம் குறித்துப் பறக்கிற விமானங்களுக்கு டிக்கெட் விலை சர்வதேச உடன்பாட்டில் கட்டப்பட்டிருந்தது, லுஃப்தான்சா நினைத்தபடி குறைக்க முடியாது. ஆனால் ஒரு சுற்றுலாக் கொம்பனி முழு விமானத்தையும் வாடகைக்கு எடுத்து, ஹொட்டேல், சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து ஒரே விலையாக விற்றால் அது வேறு கணக்கு, அதற்குப் பெயர்தான் சார்ட்டர். கடையில் அளந்து விற்கிற பெரிய முதலாளி, சந்தை நாளில் தம்பியின் பெயரில் பாய் விரித்து மொத்தமாகக் கொட்டி விற்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தன் பெயரிலேயே மலிவாக விற்றால் வாராவாரம் தொழிலுக்குப் போய் வருகிற ஆளும் அந்த விலையைத்தான் கேட்பான். சம்பளம், ஆசன இடைவெளி, சாப்பாடு எல்லாமே தாய்க் கொம்பனியை விடச் சிக்கனமாக வைக்கலாம். கோடையில் ஸ்பெயினுக்கு ஓடின விமானத்தைக் குளிர்காலத்தில் வெயில் உள்ள வேறு பக்கம் திருப்பிவிடலாம். ஐரோப்பாவில் எல்லாப் பெரியவர்களும் இப்படி ஒரு பிள்ளை வைத்திருந்தார்கள். சுவிஸ் எயாருக்கு பாலயர், சபேனாவுக்கு சோபெல் எயார், ஸ்கண்டிநேவியர்களுக்கு ஸ்கான் எயார், ஃபின் எயாருக்கு கார் எயார்.

இலங்கைக்கு வந்தது 1966 இல். தாய்லாந்து, கென்யா, டொமினிக்கன் குடியரசு, இலங்கை என்று தூரப் பயணம் தொடங்கின வருடம் அது. 1971 இல் ஜம்போ, அதாவது போயிங் 747 வாங்கினார்கள். விடுமுறைக்காரருக்கு மட்டும் ஓடுகிற ஒரு கொம்பனி ஜம்போ வாங்கியது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. அதற்கு 'ஃபிரிட்ஸ்' என்று செல்லப் பெயர், இங்கே வயதானவர்கள் இன்னமும் அந்தப் பெயரைச் சொல்வார்கள். 73 இல் எண்ணெய் விலை ஏறியபிறகு அவ்வளவு பெரிய விமானத்தை நிரப்பிக் கட்டுப்படியாக்குவது கஷ்டமாகி, 70களின் கடைசியில் ஜம்போவைக் கைவிட்டு அதைவிடச் சின்ன டி.சி.10 விமானத்துக்கு மாறினார்கள். அந்தக் குடும்பம் வந்த காலத்தைப் பார்த்தால் அனேகமாக டி.சி.10 இல் வந்திருப்பார்கள்.

டொக்யார்ட் வீதி எழுதியது:

சோளகம் அண்ணன் விமானத்தைச் சொல்லிவிட்டார், நான் ஊரைச் சொல்கிறேன். 76 இலிருந்து 83 வரை வெளிநாட்டவரை வான் பிடித்துக் கன்னியா, கோணேசர் கோயில், புறாமலை என்று கூட்டிக்கொண்டு திரிந்தவன் நான்.

சித்தப்பா சொல்வது சரியில்லை. சார்ட்டர் எல்லாம் கொழும்புக்குக் கிட்ட இருக்கிற கட்டுநாயக்க விமான நிலையத்துக்குத்தான். சீனக்குடா ஓடுபாதை வெள்ளைக்காரன் தன் விமானப் படைக்குக் கட்டினது, 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்ட இடம், சுதந்திரத்துக்குப் பிறகும் அது படையின் கையில்தான் இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான். இப்போது சின்ன உள்நாட்டு விமானம் வந்து போகிறது, அதைப் பார்த்துச் சித்தப்பாவுக்குப் பழசும் புதிசும் கலந்திருக்கலாம். அந்தக் காலத்தில் கட்டுநாயக்கவில் இறங்கி, பஸ்ஸில் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று ஆறு ஏழு மணித்தியாலம் குலுங்கித்தான் நிலாவெளிக்கு வந்து சேர்ந்தார்கள்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்வதில்லை. இந்தச் சார்ட்டர் ஓட்டத்துக்கும் எங்கள் கடலுக்கும் காலம் ஒத்து வராது. ஜெர்மன்காரனுக்கு வெயில் வேண்டியது நவம்பரிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை. அவன் ஊரில் பனி. விமானங்கள் வரிசையாக வந்ததும் அந்த மாதங்களில்தான். அப்போது நீர்கொழும்பு, பெந்தோட்டை, ஹிக்கடுவ பக்கம் கடல் குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடக்கும். எங்களுக்கு அது மாரி. வாடைக் காற்று அடித்து, கடல் கலங்கி, கரைவலைக்காரரே தோணியைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்து வைத்திருக்கிற காலம். எங்கள் கடல் தெளிவது சித்திரை கழிந்து, புரட்டாதி வரை நல்லாயிருக்கும், அந்த நேரம் தெற்கே அலை அடிக்கும். அதனால் அவர்களுடைய பெரிய சீசன் முழுவதும் மேற்குக் கரையோடு முடிந்துபோகும். நிலாவெளிக்கு வந்தவர்கள் யார் என்றால் ஜூலை ஆகஸ்டில் பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்த குடும்பங்கள்தான். உங்களுக்குப் பை கொடுத்தது குடும்பம் என்கிறீர்கள், அது சரியாக ஒத்துப் போகிறது.

அப்படி இரண்டு கரைக்கும் மாறி மாறி ஆட்களை அனுப்பினால் வருடம் முழுக்க இந்தத் தீவுக்கு வேலை இருக்கும் என்று அந்த ஹொட்டேல்காரர்கள் பேசிக்கொண்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். 83 ஜூலைக் கலவரத்தோடு எல்லாம் நின்றது. ஆகஸ்டில் வரவிருந்த ஆட்களுக்கு விரித்துவைத்த புதுப் படுக்கை விரிப்புகள் அப்படியே மடிப்புக் கலையாமல் கிடந்தன, அதை நான் போய்ப் பார்த்தேன்.

கிண்ணியா மீரா எழுதியது:

சோளகம் நானா யாத்திரிகர்களைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். சார்ட்டர் என்றால் எல்லோரும் கடற்கரையில் கிடக்கிற ஆட்களைத்தான் நினைக்கிறார்கள், ஹஜ்ஜுக்குப் போகிறவர்களும் அப்படித்தான் போனார்கள், அதுவும் ஒரு சீசன்தான்.

1974 டிசம்பர் 4 இரவு இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்குப் போன டி.சி.8 விமானம், எண்ணெய் போடக் கட்டுநாயக்கவில் இறங்க வந்தபோது மஸ்கெலியாப் பக்கம் சப்த கன்னியர் மலையில் மோதியது. விமானம் ஹொலந்தின் மார்ட்டின் எயாருடையது. அதுவும் சார்ட்டர் கொம்பனிதான், பின்னாளில் முழுவதுமாகக் கே.எல்.எம். கைக்குப் போனது. இந்தோனேசிய விமானக் கொம்பனி கருடா அதை வாடகைக்கு எடுத்து ஹஜ் பயணிகளை ஏற்றியிருந்தது. ஓட்டிகள் தாங்கள் இருக்கிற இடத்தைப் பிழையாகக் கணித்து நேரத்துக்கு முன்பே தாழ இறக்கிவிட்டார்கள். 182 பயணிகள், 9 ஊழியர்கள், 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. நாலு வருடம் கழித்து, 1978 நவம்பர் 15, ஹஜ் முடித்துத் திரும்பிய இந்தோனேசியர்களோடு ஐஸ்லாந்துக் கொம்பனியின் டி.சி.8 ஒன்று கட்டுநாயக்கவுக்குக் கிட்ட தென்னந்தோட்டத்தில் விழுந்தது, 183 பேர் மௌத்தானார்கள். எங்கள் வாப்பாவின் வாப்பா ஒவ்வொரு வருடமும் ஹஜ் காலம் வந்தால் அந்த இரண்டு விமானத்தில் போனவர்களுக்காகவும் துஆ கேட்பார். அவர்களில் ஒருவரையும் அவருக்குத் தெரியாது. மக்காவுக்கு என்று புறப்பட்டவர்கள் எங்கள் மண்ணில் வந்து முடிந்தார்கள் என்பார்.

நிலாவெளிப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. டொக்யார்ட் வீதி ஐயா, அந்தப் படுக்கை விரிப்புக் கதையை அப்பாவும் சொல்லியிருக்கிறார். விரித்தவர்களில் அவரும் ஒருவராக இருந்திருக்கலாம். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு "அந்தப் பொம்பிளைப் பிள்ளைக்கு எங்கட மூத்தவளின் வயசு" என்றார். அப்போ குடும்பம் என்பது உறுதி.

சோளகம் அண்ணா, ஒரு கேள்வி. மகன் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு இப்போது கொண்டோர் லுஃப்தான்சாவுடையது இல்லை என்கிறான், விமானமும் கோடு கோடாக இருக்கிறது. எப்போது கைவிட்டார்கள்?

சோளகம் எழுதியது:

மகன் சொல்வது சரி. ஒரே நாளில் கைவிடவில்லை, மெல்ல மெல்லத்தான். 1998 இல் லுஃப்தான்சா ஒரு பெரிய அங்காடிக் கொம்பனியோடு பாதிக்குப் பாதி சேர்ந்து விமானம், சுற்றுலா இரண்டையும் ஒன்றாக்கியது. அந்தக் கூட்டுத்தான் பிறகு இங்கிலாந்தின் பழைய சுற்றுலாக் கொம்பனி தொமஸ் குக்கை வாங்கி அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. 2003 இல் விமானத்தில் கொண்டோர் பெயரையே பின்னுக்குத் தள்ளி 'தொமஸ் குக்' என்று எழுதினார்கள், சனம் ஏற்கவில்லை, அடுத்த வருடமே பழைய பெயர் திரும்பி வந்தது. எனக்கு அதில் சந்தோஷம், அந்தப் பெயரில் ஐம்பது வருடத்து விடுமுறை இருக்கிறது. லுஃப்தான்சாவின் மிச்சப் பங்கு 2009 இல் கைமாறியது.

2019 செப்டம்பர் 23 தொமஸ் குக் விழுந்தது. 1841 இல் தொடங்கிய கொம்பனி, ஒரே இரவில் போய்விட்டது. அன்று காலை நான் வேலைக்குப் போகிறேன், இங்கே கொண்டோர் விமானம் வழக்கம்போல மேலெழும்புகிறது. ஜெர்மன் அரசும் ஹெஸ்ஸன் மாநிலமும் பின்னால் நின்று 38 கோடி யூரோ கடனுக்குப் பொறுப்பெடுத்தன. போலந்தின் லொட் விமானக் கொம்பனியின் தாய் நிறுவனம் வாங்க வந்தது, கொரோனாவோடு பின்வாங்கியது. 2021 இல் அட்டெஸ்டர் என்ற முதலீட்டுக் கொம்பனி 51 வீதம் எடுத்தது. கோடு போட்டது 2022 இல், கடற்கரைக் குடையும் துவாயும் போல இருக்கவேண்டும் என்று.

இதில் எனக்கு மனம் பொறுக்காத இடம் ஒன்று உண்டு. பிள்ளையை விற்றுவிட்ட லுஃப்தான்சா 2021 இல் தானே இன்னொரு விடுமுறை விமானக் கொம்பனியைத் தொடங்கியது, இப்போது டிஸ்கவர் என்று பெயர். அதற்கு முந்தின வருடம்தான் மற்ற ஊர்களிலிருந்து கொண்டோர் பயணிகளைப் பிராங்போர்ட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிற பழைய ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. விஷயம் வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கிற ஜெர்மன் போட்டி ஆணையம் வரை போய், 2022 இல் ஆணையம் முறிக்கக் கூடாது என்றது. வளர்த்த வீடு இப்படிச் செய்திருக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

லண்டன் கடற்கரை எழுதியது:

இங்கே பிரிட்டிஷ் எயார்வேய்ஸுக்கும் அப்படி ஒரு பிள்ளை இருந்தது, பிரிட்டிஷ் எயார்டூர்ஸ். 1970 இல் கட்விக்கிலிருந்து பழைய கொமெட் விமானங்களோடு தொடங்கியது. 1985 ஆகஸ்ட் 22 மான்செஸ்டரில் கோர்ஃபு தீவுக்குப் புறப்பட ஓடிய அதன் 737 இல் இயந்திரம் வெடித்து எண்ணெய்த் தாங்கி ஓட்டையாகித் தீப்பிடித்தது. மேலெழும்பவே இல்லை, தரையிலேயே நின்ற விமானத்தில் 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையால். இறக்கை மேல் உள்ள அவசரக் கதவுக்குப் பக்கத்தில் ஆசனங்களுக்கிடையே இப்போது கூடுதலாக இடம் விட்டிருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். அது அந்த விபத்தின் பிறகு வந்தது. 88 இல் பெயர் கலிடோனியன் ஆனது, பிறகு அதையும் விற்றார்கள், கை மாறி மாறிக் கடைசியில் அதுவும் தொமஸ் குக்குக்குள்ளேதான் போய்ச் சேர்ந்தது.

தம்பி, பையைப் பற்றி ஒன்று. ரெக்சினை வெயிலில் காயப் போடாதீர்கள், வெடித்துவிடும். ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்து, உள்ளே வெள்ளைத் தாளைச் சுருட்டி வைத்து நிழலில் விடுங்கள். பத்திரிகைத் தாள் வைத்தால் மை ஒட்டும். சிப் புதிதாகப் போட்டாலும் அம்மா தைத்த அந்த நூலை மட்டும் பிரிக்க விடாதீர்கள்.