கோல்ஃப் வரலாறு, பெரும் ஆட்டக்காரர்கள், வீச்சு நுட்பம்: காணொளிகளை எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது?

பச்சைத்திடல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோல்ஃப் ஆட்டத்தை அண்மையில்தான் கற்கத் தொடங்கியிருக்கிறேன். திடலில் இருக்கும் நேரத்தைவிடக் காணொளிகளின் முன் இருக்கும் நேரமே அதிகம். பழைய போட்டிகளின் பதிவுகள், வரலாற்றுத் தொகுப்புகள், புகழ்பெற்றவர்களின் வீச்சை மெதுவாக ஓடவிட்டு விளக்குபவை, பயிற்சியாளர்களின் பாடங்கள் என எல்லாவற்றையும் கலந்து பார்த்துவருகிறேன்.

எனக்கு இரண்டு சிக்கல்கள் உள்ளன. வரலாற்றுக் காணொளிகளில் பெரும்பாலானவை, வில்வித்தைப் பயிற்சிக்கு இடையூறு என்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1457-இல் இந்த ஆட்டத்தைத் தடை செய்த செய்தியோடு தொடங்கி, செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலை ஒரு முறை சுற்றிக் காட்டிவிட்டு, சில நிமிடங்களிலேயே டைகர் உட்ஸிடம் வந்து சேர்ந்துவிடுகின்றன. இடைப்பட்ட காலத்தில் ஆட்டம் எப்படி மாறியது, ஏன் மாறியது என்பது பிடிபடவே இல்லை.

அடுத்தது நுட்பம் பற்றியது. 1920-களின் அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ், பேக்ஸ்விங்கில் (மட்டையைப் பின்னால் உயர்த்தும் கட்டத்தில்) இடது குதிகாலை நன்றாக உயர்த்துகிறார். இன்றைய பாடங்கள் பலவும் அதைத் தரையில் ஊன்றச் சொல்கின்றன. அவருக்கும் முந்தைய தலைமுறை ஆங்கிலேய ஆட்டக்காரர் ஹாரி வார்டனின் நிதானத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் புகழ்கிறார்கள். ஆனால் அவருடைய பழைய பதிவைப் பார்த்தால் வீச்சு கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. இவற்றில் எதை நம்பிப் பயில்வது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பழையமட்டை (மறுமொழி)

வணக்கம் நண்பரே. வரலாற்றைப் பொறுத்தவரை, ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பின்தொடர்வதைவிடப் பந்தைப் பின்தொடர்வது நல்லது என்பது என் கருத்து. இந்த ஆட்டம் திசைமாறிய இடங்களில் பெரும்பாலும் பந்தோ மட்டையோ மாறியிருப்பதைக் காணலாம்.

நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது, தோல் உறைக்குள் வேகவைத்த இறகுகளைத் திணித்துத் தைத்த பந்து. கைதேர்ந்தவராலும் ஒரு நாளைக்குச் சில பந்துகளையே செய்ய முடிந்ததால் அதன் விலை அதிகம். மழையில் நனைந்தால் கெட்டும்போகும். 1848-ஐ ஒட்டி, கட்டாபெர்ச்சா எனப்படும் மரப்பாலில் செய்த பந்து வந்தது. அது மலிவானது, உருக்குலைந்தால் வெந்நீரில் இளக்கி மறுபடியும் உருட்டிக்கொள்ளலாம். வழவழப்பாக இருந்த புதுப் பந்தைவிட, அடிபட்டுத் தழும்பேறிய பழைய பந்து நன்றாகப் பறப்பதைக் கண்டுதான் அதன் மேற்பரப்பில் வேண்டுமென்றே கீறல்களைப் பதிக்கத் தொடங்கினார்கள். இன்றைய பந்தில் உள்ள சிறு குழிவுகளின் முன்னோடி அதுதான். செயின்ட் ஆண்ட்ரூஸில் இறகுப் பந்து செய்துவந்த ஆலன் ராபர்ட்சனுக்கும் அவரிடம் தொழில் பழகிய டாம் மாரிஸுக்கும் பிணக்கு மூண்டதும் இந்தப் புதிய பந்தை முன்னிட்டுத்தான். மாரிஸ் 1851-இல் பிரெஸ்ட்விக்குக்குப் போய் அங்கே 12 குழிகள் கொண்ட திடலை அமைத்தார். 1860-இல் முதல் ஓப்பன் (பிரிட்டிஷ் ஓப்பன்) போட்டி அந்தத் திடலில்தான் நடந்தது. எட்டுப் பேர் ஒரே நாளில் மூன்று சுற்று, அதாவது 36 குழிகள் ஆடினார்கள். வில்லி பார்க் வென்றார், மாரிஸ் இரண்டாம் இடம் பெற்றார்.

மாரிஸின் மகன் இளைய டாம் 1868 முதல் 1870 வரை மூன்று முறை தொடர்ந்து வென்றதால், விதிப்படி பரிசுப் பட்டை அவருக்கே சொந்தமாகிவிட்டது. கொடுப்பதற்குப் பரிசு இல்லாததால் 1871-இல் போட்டியே நடக்கவில்லை! மறு ஆண்டு மீண்டும் நடந்தபோது அவரே வென்றார். 24 வயதில் அவர் இறந்துபோனார். இந்தக் காலகட்டத்துக்கு அசையும் படம் எதுவும் கிடையாது. நிழற்படங்களையும் ஓவியங்களையும் நகர்த்திக் காட்டிப் பின்னணிக் குரல் கொடுப்பவைதான் உள்ளன. அதில் உணர்ச்சி பொங்கும் இசையைக் கழித்துவிட்டு, பந்து, திடல், விதி பற்றி ஏதாவது சொல்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். ஒன்றும் சொல்லவில்லையென்றால் அந்தக் காணொளியை மூடிவிடலாம்.

அதற்கடுத்து, ரப்பர் இழையை இறுகச் சுற்றிச் செய்த ஹாஸ்கெல் பந்து வந்தது. 1902-இல் சாண்டி ஹெர்ட் அதைக் கொண்டு ஓப்பன் போட்டியை வென்றபின் கட்டாபெர்ச்சா பந்தின் காலம் முடிந்தது.

இனி வார்டனின் வேகத்துக்கு வருகிறேன். நீங்கள் பார்த்தது மௌனப்படக் காலப் பதிவு. அக்காலத்து ஒளிப்பதிவாளர் கையால் சுழற்றும் கருவியில் நொடிக்கு ஏறத்தாழ 16 முதல் 20 படங்கள் வரை பதித்தார். அதையே நொடிக்கு 24 படங்கள் என்ற பிற்கால வேகத்தில் ஓட்டினால், நிதானமான வீச்சும் ஒன்றரை மடங்கு வரை விரைவாகத் தெரியும். திரையில் அவர் நடக்கும் நடையைக் கவனியுங்கள். நடையே துள்ளித் துள்ளி விரைந்தால், வீச்சின் வேகமும் பொய் என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டும் வேகத்தை 0.75-க்குக் குறைத்துப் பார்த்தால் உண்மைக்கு நெருங்கி வருவீர்கள்.

பாபி ஜோன்ஸின் படங்கள் அப்படியல்ல. 1930-இல் பிரிட்டன், அமெரிக்கா ஆகிய இரு நாடுகளின் ஓப்பன், அமெச்சூர் போட்டிகள் நான்கையும் ஒரே ஆண்டில் வென்றுவிட்டு, 28 வயதில் போட்டிகளிலிருந்து விலகினார். உடனே வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்காக நடிக்க ஒப்புக்கொண்டார்; 1931-இல் 12 குறும்படங்களும், 1933-இல் மேலும் 6 குறும்படங்களும் வெளிவந்தன. அவை பேசும் படங்கள் என்பதால் படச்சுருளின் வேகம் நிலைப்படுத்தப்பட்டது; ஆகவே அவற்றில் காணும் வேகத்தை நம்பலாம். கதை என்ற பெயரில் ஹாலிவுட் நடிகர்கள் அடிக்கும் கூத்தைப் பொறுத்துக்கொண்டால், மெதுவோட்டக் காட்சிகள் ஒவ்வொன்றும் பொக்கிஷம். மேலே போன மட்டை கீழே திரும்பும் இடத்தில் அவர் காட்டும் அவசரமின்மையைப் பாருங்கள். அவர் போட்டிகளை வென்ற காலத்து மட்டைகளின் தண்டு ஹிக்கரி மரத்தால் ஆனது. மரத்தண்டு வளைவதோடு முறுக்கவும் செய்யும். மேலிருந்து வெடுக்கென்று இழுத்தால் மட்டையின் முகம் பின்தங்கித் திறந்துவிடும்; அதனால்தான் அந்த நிதானம். எஃகுத் தண்டை, ஆட்ட விதிகளை வகுத்துவந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் மன்றம் 1929-இல்தான் அனுமதித்தது.


மணற்குழி (மறுமொழி)

பழையமட்டை அவர்கள் விரிவாக எழுதிவிட்டதால் வரலாற்றை விட்டுவிட்டு நுட்பப் பாடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒரு பாடத்தைத் தரம்பிரிக்க நான் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்று உண்டு: பந்து எந்தத் திசையில் கிளம்பும், எந்தப் பக்கம் வளையும் என்பதை அந்தப் பயிற்சியாளர் எப்படி விளக்குகிறார் என்பதே அது. மட்டை செல்லும் பாதையில் பந்து கிளம்பி, மட்டையின் முகம் நோக்கிய பக்கம் வளையும் என்று நெடுங்காலம் கற்பித்துவந்தார்கள். டாப்ளர் ரேடார் கருவிகள் பயிற்சிக் களங்களுக்கு வந்தபின் இந்த விளக்கம் தலைகீழானது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டையின் முகம். முகத்துக்கும் பாதைக்கும் இடையிலுள்ள கோண வேறுபாடுதான் வளைவை உண்டாக்குகிறது. நல்ல ஆட்டக்காரர்கள் பழைய விளக்கத்தை வாயால் சொல்லிக்கொண்டே கையால் சரியானதைச் செய்துவந்தார்கள் என்பது வேடிக்கைதான். ஆகவே பழைய மேதைகளின் பாடங்களில் சொல்லும் செயலும் முரண்பட்டால் செயலையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேமரா எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். பின்னாலிருந்து எடுக்கும் படத்தில் கேமரா கைகளின் உயரத்தில், இலக்குக் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். அது சற்று விலகினாலும் மட்டையின் பாதை உள்ளிருந்து வருவதுபோலவோ வெளியிலிருந்து வெட்டுவதுபோலவோ தோன்றும். ஒரே வீச்சை இரு இடங்களிலிருந்து எடுத்து இரு வேறு குறைகளைக் கண்டுபிடித்துவிடலாம்! இரண்டு ஆட்டக்காரர்களை அருகருகே வைத்துத் திரையில் கோடு கிழித்து ஒப்பிடும் காணொளிகளில் பாதிக்கு மேல் இந்தச் சோதனையில் தேறாது. வெவ்வேறு போட்டிகளில், வெவ்வேறு தொலைவிலிருந்து, வெவ்வேறு கோணத்தில் எடுத்த படங்களின் மேல் கிழிக்கப்படும் கோட்டுக்கு எந்தப் பொருளும் இல்லை.

கைப்பேசியில் எடுத்த படத்தில் தண்டு வில்லாக வளைந்து தெரிந்தால் அதைக் கண்டு மலைக்க வேண்டாம். படத்தை உணரி ஒரே கணத்தில் எடுக்காமல் வரிவரியாக வாசிப்பதால், விரைந்து நகரும் தண்டின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு கணத்தில் பதிவாகிறது.


நெடும்புல் (மறுமொழி)

மேலுள்ள இரு மறுமொழிகளையும் ஏற்கிறேன். ஆனால், கருவி மாறியதால் வீச்சு மாறியது என்ற விளக்கத்தை முழுவதுமாக நீட்டிவிட முடியாது. ஜாக் நிக்லஸ் எஃகுத் தண்டுகளோடு வளர்ந்தவர். ‘மேஜர்’ எனப்படும் தலையாய பெரும் போட்டிகளில் 18-ஐ வென்ற அவர் பேக்ஸ்விங்கில் இடது குதிகாலைத் தாராளமாக உயர்த்தினார். 1986 மாஸ்டர்ஸ் போட்டியை 46 வயதில் வென்றபோதும் அதே பழக்கம்தான். இடுப்பு முழுமையாகத் திரும்புவதற்குக் குதிகால் இடம் கொடுக்கிறது. உடல் வளைந்துகொடுக்காதவர்களுக்கு அது பெரிய உதவி. இன்று ஊன்றச் சொல்கிறார்கள் என்றால், இடுப்பை அடக்கித் தோள்களை மட்டும் திருப்பி உடலை முறுக்கும் முறை பரவியதுதான் காரணம். இளம் வயதினரின் உடலுக்கு ஏற்ற அந்தப் பாடத்தை எல்லோருக்கும் பொதுவாக்கும் காணொளிகளே அதிகமாக இருக்கின்றன என்பது என் மனக்குறை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதுவரை ஒரு பெண்ணின் பெயர்கூட இந்த இழையில் வரவில்லை. மிக்கி ரைட் 82 எல்பிஜிஏ (பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சங்கம்) போட்டிகளையும் அவற்றுள் 13 பெரும் போட்டிகளையும் வென்றவர். தான் கண்டவற்றிலேயே சிறந்த வீச்சு அவருடையது என்று, வீச்சுக்குப் பெயர்போன பென் ஹோகனே சொல்லியிருக்கிறார். ஆண்களில் மிகச் சிறந்தவர்களின் வேகத்தை நம்மில் பெரும்பாலோர் எட்டப்போவதில்லை. ரைட், அன்னிகா சோரன்ஸ்டாம் ஆகியோரின் பதிவுகளே நமக்கு நேரடியாகப் பயன்படும். சோரன்ஸ்டாம் பந்தை அடிக்கும் கணத்திலேயே தலையை இலக்கு நோக்கித் திருப்பிவிடுவார். ‘தலையை அசைக்காதே’ என்று ஓயாமல் உபதேசிக்கும் பாடங்களுக்கு அது ஒன்றே போதுமான பதில். 2001-இல் ஒரு சுற்றை 59 அடிகளில் முடித்தவர் அவர்.


பச்சைத்திடல்

மூவருக்கும் மிக்க நன்றி. வார்டனின் பதிவை வேகம் குறைத்துப் பார்த்தேன். முற்றிலும் வேறொரு மனிதராகத் தெரிகிறார். இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. என் வீச்சைக் கைப்பேசியில் நொடிக்கு 240 படங்கள் என்ற அளவில் எடுக்கிறேன். ஆனாலும் மட்டை பந்தைத் தொடும் கணம் ஒருபோதும் சிக்குவதில்லை. நான் எடுக்கும் முறையில் குறை இருக்கிறதா? அடுத்து, துண்டுக் காட்சிகளை விட்டுவிட்டு முழு ஆட்டம் ஒன்றைப் பார்க்க விரும்பினால் எதிலிருந்து தொடங்கலாம்?


மணற்குழி

உங்கள் முறையில் குறையில்லை. மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஏறத்தாழ அரை மில்லிநொடிதான். உங்கள் கைப்பேசி எடுக்கும் இரு படங்களுக்கு இடையே நான்கு மில்லிநொடிக்கு மேல் கழிகிறது. மட்டையின் தலை நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வந்தால், அந்த இடைவெளியில் அது 19 சென்டிமீட்டர் கடந்துவிடும். அந்தக் கணம் சிக்குவது தற்செயல். மட்டையின் முகத்தில் பந்து எங்கே பட்டது என்று அறிய, முகத்தில் பாதப்பூச்சுத் தூளைத் தெளித்துவிட்டு அடித்து, பதிந்த தடத்தைப் பாருங்கள். டிரைவர் எனும் நெடுந்தூர மட்டையின் நுனிப்பக்கம் பட்டால் வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்பக்கம் வளையும். அதைப் பாதையின் கோளாறு என்று எண்ணி வீச்சை மாற்றிக்கொண்டவர்கள் ஏராளம்.


பழையமட்டை

முழு ஆட்டத்துக்கு, ‘ஷெல்ஸ் வொண்டர்ஃபுல் வேர்ல்ட் ஆஃப் கோல்ஃப்’ தொடரில் பென் ஹோகனும் சாம் ஸ்நீடும் மோதிய ஆட்டத்தைப் பரிந்துரைக்கிறேன். 1964-இல் ஹூஸ்டனில் படமாக்கப்பட்டது. ஹோகன் 69 அடிகளிலும் ஸ்நீட் 72 அடிகளிலும் முடித்தார்கள்; குறைந்த அடிகளில் முடித்த ஹோகன் வென்றார். 1949-இல் பேருந்து மோதி உடல் நொறுங்கிப்போய், மறு ஆண்டே மெரியனில் அமெரிக்க ஓப்பனை வென்ற மனிதர் ஹோகன். இந்த ஆட்டத்தின்போது அவருக்கு வயது 50-ஐத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு ஃபேர்வேயிலும் (குறும்புல் பாதையிலும்) பந்தை நிறுத்தினார், ஒவ்வொரு கிரீனையும் (குழி உள்ள மென்புல் தரையையும்) உரிய அடிகளுக்குள் எட்டினார்.

அடித்த பந்து எங்கே போகிறது என்பதை முதல் முறை பார்க்கும்போது விட்டுவிடுங்கள். அடிப்பதற்கு முன் ஹோகன் மட்டையை மெல்ல ஆட்டிப் பார்க்கும் விதத்தை மட்டும் கவனியுங்கள். அடிக்கப்போகும் அடி எத்தகையதோ அதற்கேற்ப மட்டையின் அந்த அசைவும் மாறும். பிறகு கிரீனுக்கு வந்ததும் பாருங்கள்: அத்தனை உறுதியாக அடித்த அதே கைகள், பந்தைக் குழிக்குள் உருட்டும் சிறு தொலைவுப் பட்டிங்கின் முன் உறைந்து நிற்கும், மட்டையைப் பின்னால் எடுக்கவே அவருக்கு நெடுநேரம் ஆகும். அவ்வளவு துல்லியமாக ஆடியும் வெற்றி மூன்று அடி வித்தியாசத்தில் அடங்கிவிட்டதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

அதைவிடப் பழைய நேருக்கு நேர் ஆட்டங்களின் பதிவுகளுக்குப் போகும்போது, ஒருவருடைய பந்து மற்றவரின் பந்துக்கும் குழிக்கும் நடுவே மறித்துக் கிடப்பதையும், அதை எடுக்காமலே மேலே தாவும்படி அடிக்க முயல்வதையும் காண்பீர்கள். ‘ஸ்டைமி’ எனப்பட்ட அந்த நிலை 1952 விதித்தொகுப்பில்தான் ஒழிந்தது. 1930-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த பிரிட்டிஷ் அமெச்சூர் போட்டியில் சிரில் டாலியை ஜோன்ஸ் 19-ஆம் குழியில் (18 குழிகளில் சமநிலையானபின் ஆடும் கூடுதல் குழியில்) வென்றதே இப்படி ஒரு மறிப்பால்தான். அது நேராதிருந்தால் அந்த ஆண்டின் நான்கு வெற்றிகள் முதல் போட்டியிலேயே முறிந்திருக்கக்கூடும்.