ரீகால்: 'திரும்பப் பெறுதல்' வேண்டாம், 'மீளழைப்பு' வேண்டும்

வணக்கம் ஐயா,

விற்ற பொருளில் குறை தெரிந்ததும் அதைச் செய்தவர் அறிவித்து நடவடிக்கை எடுப்பதுதான் 'ரீகால்'. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் நீங்கள் கேட்டது:

> நாளிதழ்கள் 'திரும்பப் பெறுதல்' என்றே எழுதுகின்றன. புழக்கத்தில் உள்ள சொல் இருக்கப் புதிது எதற்கு?

காருக்கும் பால்மாவுக்கும் அந்தச் சொல் சரிதான். மருத்துவக் கருவிக்கு அது ஆபத்தானது என்று உறுதியாக நினைக்கிறேன்.

2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் அபாட் நிறுவனத்தின் பேஸ்மேக்கர்கள் (இதயத் துடிப்பைச் சீராக்க நெஞ்சுக்குள் பொருத்தும் கருவி) சுமார் 4,65,000 ரீகால் செய்யப்பட்டன. கம்பியில்லாத் தொடர்பு வழியே வெளியாள் புகுந்து அதன் இயக்கத்தை மாற்றிவிட முடியும் என்பதே குறை. நெஞ்சைத் திறந்து எதையும் எடுக்கச் சொல்லவில்லை. நோயாளி மருத்துவமனைக்கு வந்தால் போதும், ஏறத்தாழ 3 நிமிடத்தில் உள்ளிருக்கும் மென்பொருளைப் புதுப்பித்துவிடலாம். இதைப் போய் 'பேஸ்மேக்கர்கள் திரும்பப் பெறப்படுகின்றன' என்று எழுதினால், அதை நெஞ்சுக்குள் வைத்திருப்பவர் அன்றிரவு தூங்குவாரா?

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விதியிலேயே ரீகாலுக்கு இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று கருவியை அகற்றுவது, மற்றது இருக்கும் இடத்திலேயே குறையைத் திருத்துவது. நம் சொல் முதல் கிளையை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறது.

இனி என் வேலையில் நடந்தது. நான் ஒரு மருத்துவமனையில் கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் பிரிவில் இருக்கிறேன். மருந்தை அளவாகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்பு ஒரு மாடலுக்கு ரீகால் அறிவிப்பு வந்தது. அதில் இருப்பது சீரியல் நம்பர். எங்கள் நெட்வொர்க் திரையில் தெரிவதோ மேக் முகவரி, அதாவது நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் எண். அந்த முகவரியும் பல நேரம் உள்ளே இருக்கும் வைஃபை அட்டையைச் செய்தவர் பெயரைத்தான் காட்டும், பம்பு செய்தவர் பெயரை அல்ல. பதிவேட்டோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போனோம். அணைத்து அலமாரியில் வைத்த பம்பு நெட்வொர்க்கில் தெரியவே தெரியாது. அதற்கு வார்டு வார்டாக நடந்தேதான் ஆக வேண்டும்.

அப்படி நடந்தபோது ஒரு வார்டில், பட்டியலில் இருந்த பம்பு ஒன்று கட்டிலருகே ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கருவிப் பதிவேட்டின் தமிழ்த் திரையில் அதன் எண்ணுக்கு நேரே 'திரும்பப் பெறப்பட்டது' என்று சிவப்பில் இருக்கிறது. சிஸ்டரிடம் காட்டினேன். "அதான் திரும்ப வாங்கிட்டாங்கன்னு போட்டிருக்கே சார், அப்ப இது வேற பம்புன்னு நினைச்சேன்" என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. தமிழ் தெரிந்த யாரும் அப்படித்தான் படிப்பார்கள்.

இழையில் வந்த மற்ற சொற்கள்: 'மீட்பு' என்றால் காணாமல் போனது கிடைத்துவிட்டது என்று பொருள்படும். 'நினைவுகூரல்' எந்திர மொழிபெயர்ப்பின் வேலை, அதை விட்டுவிடுவோம்.

என் பரிந்துரை 'மீளழைப்பு'. அழைப்பவர் கருவியைச் செய்த நிறுவனத்தார். கருவி போக வேண்டுமா, ஆள் வந்து சரிசெய்வாரா என்பது அடுத்த கேள்வி. தொலைபேசியில் திரும்பக் கூப்பிடுவதோடு குழம்பும் என்று இழையில் ஓர் அம்மா எழுதியிருந்தார்கள். 'கருவி மீளழைப்பு' என்று சேர்த்தெழுதினால் வார்டில் யாருக்கும் அந்தக் குழப்பம் வராது.

ஆனால் 'மீளழைக்கப்பட்டது' என்று இறந்தகாலத்தில் போட்டால் பழைய கதைதான். ஆகவே திரையில் 'மீளழைப்பில் உள்ளது'. வேலை முடிந்ததும் 'திருத்தப்பட்டது' அல்லது 'அகற்றப்பட்டது'. 'பயன்படுத்தாதீர்' என்பதை இதோடு ஒட்டவே கூடாது. 2021இல் பிலிப்ஸ் சுவாசக் கருவிகளின் நுரைப்பஞ்சு சிதைவதாக ரீகால் வந்தபோது, உயிர்காக்கும் வென்டிலேட்டரில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்றுதான் அறிவுறுத்தினார்கள்.

நான்காவதாக ஒரு நிலையும் வேண்டும்: 'தேடப்படுகிறது'. 2010இல் ரீகால் ஆன டெப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் செயற்கை இடுப்பு மூட்டு இந்தியாவில் சுமார் 4,700 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. பல ஆண்டு கழித்தும் அவர்களில் கண்டறியப்பட்டவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். மீதிப் பேரின் நிலைக்குப் பட்டியலில் ஒரு சொல் இல்லாவிட்டால் அவர்கள் இல்லாதவர்களாகவே போய்விடுவார்கள்.

அதே சிஸ்டரிடம் 'மீளழைப்பில் உள்ளது' என்று தாளில் எழுதிக் காட்டினேன். "அப்ப இன்னும் இங்கதான் இருக்கு, கம்பெனிக்காரங்க ஏதோ சொல்லியிருக்காங்க, அதானே?" என்றார்.

எனக்குத் தீராத ஐயம் 'திருத்தம்' பற்றி. விடைத்தாள் வாடை அடிக்கிறது. 'சீராக்கம்' பொருந்துமா? சொல்லுங்கள் ஐயா.